எபெட்ஸ் ஃபீல்ட் பழைய படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்கின் புரூக்ளினில் 1960ல் இடித்துத் தள்ளிய எபெட்ஸ் ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தின் பழைய படங்களைத் தேடிச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. படத்தை யாரிடம் காட்டினாலும் சந்தேகங்கள் அநேகமாக ஒரே வரிசையில்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. எபெட்ஸ் ஃபீல்ட்னா என்னங்க? நான் கிரிக்கெட் மட்டும்தான் பார்ப்பேன்.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 1913 முதல் 1957 வரை ஆடிய மைதானம். அணியின் உரிமையாளர் சார்லஸ் எபெட்ஸ், பிக்டவுன் என்று பெயர் வாங்கியிருந்த ஒரு குப்பைமேட்டுப் பகுதியில் 1908 முதல் துண்டு துண்டாக நிலம் வாங்கிச் சேர்த்தார். 1912 மார்ச்சில் வேலை தொடங்கி, அடுத்த ஏப்ரலில் மைதானம் திறந்தது. திறப்பு நாளில் வாயில் சாவியையும் ஏற்ற வேண்டிய கொடியையும் மறந்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. பத்திரிகையாளர்கள் உட்கார இடமே கட்டவில்லை என்பது கதையல்ல, உண்மை. அந்த வசதி 1929ல்தான் வந்தது.

இந்த மைதானத்தைப் பலர் இன்னும் பேசுவதற்கு முதல் காரணம் 1947 ஏப்ரல் 15. அன்று ஜாக்கி ராபின்சன் இங்கே களமிறங்கினார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய லீக்குகளில் அதுவரை கறுப்பின வீரர்களுக்கு இடமே இல்லை.

படம் பார்ப்பதற்கு ஆட்ட விதி முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. பேட்டர் நிற்கும் மூலை ஹோம் பிளேட். அங்கிருந்து பார்த்தால் வலப்பக்கம் முதல் பேஸ், அதற்குப் பின்னால் ரைட் ஃபீல்ட். இடப்பக்கம் மூன்றாவது பேஸ், அதற்குப் பின்னால் லெஃப்ட் ஃபீல்ட். சுவருக்கு மேலே அடித்தால் ஹோம் ரன், ஏறக்குறைய நம் சிக்ஸர். இவ்வளவு போதும்.

2. இப்போ அந்த இடத்துல என்ன இருக்கு? போனா ஏதாவது பார்க்க முடியுமா?

அடுக்குமாடிக் குடியிருப்பு. 1962ல் திறந்தது, 1,300க்கும் மேற்பட்ட வீடுகள். 1972ல் ஜாக்கி ராபின்சன் பெயரை வைத்தார்கள், ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு அது எபெட்ஸ் ஃபீல்ட் அபார்ட்மெண்ட்ஸ்தான். சுவரில் பேஸ்பால் வடிவம் செதுக்கிய ஒரு கல் இருக்கிறது, இங்கே மைதானம் இருந்தது என்று சொல்லும். அதே வளாகத்தில் பந்து விளையாடக் கூடாது என்ற அறிவிப்புப் பலகையும் வைத்திருந்தார்கள். அந்தப் பலகையைப் படம் எடுக்காமல் திரும்பிய ரசிகர்கள் குறைவு.

மைதானத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டடத்தைப் பார்க்காமல் தெருக்களைப் பாருங்கள். கிழக்கே பெட்ஃபோர்ட் அவென்யூ, தெற்கே சல்லிவன் பிளேஸ், மேற்கே மக்கீவர் பிளேஸ், வடக்கே மான்ட்கோமரி தெரு. நான்கும் அப்படியே இருக்கின்றன. கையில் பழைய படம் இருந்தால் அந்த நான்கு தெருக்களும்தான் உங்களுக்கு அளவுகோல். இடம் எவ்வளவு சின்னது என்பது சுற்றி நடந்தால்தான் உறைக்கும்.

3. நல்லா இருந்த மைதானத்தை ஏன் இடிச்சாங்க?

நல்லாவா இருந்தது என்பதே முதல் கேள்வி. 1950களின் படங்களைக் கூர்ந்து பாருங்கள். தூண்களுக்குப் பின்னால் கழுத்தை வளைத்துப் பார்க்கும் ஆட்கள், நெருக்கமான நடைபாதைகள், சுற்றிலும் கார் நிறுத்த இடமில்லாத தெருக்கள். 32,000 பேர் கொள்ளும் மைதானத்துக்குச் சுமார் 700 கார் நிறுத்தும் இடம்தான் இருந்தது. ரசிகர்களில் பலர் லாங் ஐலண்ட் பக்கம் வீடு வாங்கிக் கொண்டு போய்விட்டார்கள், இனி காரில்தான் வர வேண்டும். அதே சமயம் மில்வாக்கி அணி புதிய மைதானமும் பெரிய பார்க்கிங்கும் வைத்துக்கொண்டு வருஷத்துக்கு 20 லட்சம் பேரை இழுத்தது. டாட்ஜர்ஸுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய பாதி.

உரிமையாளர் வால்டர் ஓமாலி, புரூக்ளினிலேயே அட்லாண்டிக் அவென்யூவும் ஃப்ளாட்புஷ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் புது மைதானம் கட்ட நகரம் நிலத்தைக் கையகப்படுத்தித் தர வேண்டும் என்றார். நகரத்தின் கட்டுமானங்களைக் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் மறுத்தார், குவீன்ஸில் ஃப்ளஷிங் மெடோஸ் வேண்டுமானால் வரட்டும் என்றார். 1956லேயே ஓமாலி எபெட்ஸ் ஃபீல்டை மார்வின் கிராட்டர் என்ற கட்டுமானக்காரருக்கு விற்று, வாடகைக்கு இருந்தார். 1957 அக்டோபர் 8ம் தேதி லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. இருவரில் யார் குற்றவாளி என்று புரூக்ளின்காரர்கள் இன்றும் சண்டை போடுவார்கள். என் பார்வையில் ஓமாலிக்கு மட்டும் எல்லாப் பழியும் போனது கொஞ்சம் அநியாயம். அரசு நிலம் தந்திருந்தால் அவர் நகர்ந்திருப்பாரா என்பது சந்தேகமே.

4. இடிக்கிற படத்துல ஒரு பெரிய பேஸ்பால் தொங்குதே, அது ஒட்டு வேலையா?

இல்லை, நிஜம். 1960 பிப்ரவரி 23ம் தேதி இடிப்பு தொடங்கியபோது, கிரேனில் தொங்கிய இரும்புக் குண்டுக்கு வெள்ளை அடித்துச் சிவப்புத் தையல் வரைந்து பேஸ்பால் மாதிரி ஆக்கியிருந்தார்கள். சிலருக்கு அது அழகான பிரியாவிடையாகத் தோன்றுகிறது, எனக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகத்தான் படுகிறது. அன்று வந்தவர்களில் ராய் கேம்பனெல்லாவும் இருந்தார். அணியின் கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர். 1958 ஜனவரியில் கார் விபத்தில் உடல் செயலிழந்து சக்கர நாற்காலியில் வந்திருந்தார். ஹோம் பிளேட் பக்கத்து மண்ணை ஒரு கலயத்தில் போட்டு அவர் கையில் கொடுத்தார்கள்.

1964ல் மன்ஹாட்டனில் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தை இடித்ததும் இதே குண்டுதான். அதனால் குண்டு தொங்கும் படம் கிடைத்தவுடன் எபெட்ஸ் ஃபீல்ட் என்று எழுதிவிடாதீர்கள். பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள் (8ம் பதில்).

5. பழைய படங்களை எங்கே தேடணும்? காசு கட்டணுமா?

நல்ல படங்களில் பெரும்பகுதி இலவசம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பெயின் செய்திப் படத் தொகுப்பு இருக்கிறது. சுமார் 40,000 கண்ணாடி நெகட்டிவ்கள், பெரும்பாலும் 1900கள் முதல் 1920களின் நடுப்பகுதி வரை. 1913ல் எபெட்ஸின் மகள் ஜெனிவீவ் முதல் பந்தை வீசும் படம் அதில்தான் உள்ளது. என் மனசுக்குப் பிடித்தது வேறு: 1920 அக்டோபர் 6, உலகத் தொடர் (வருஷத்தின் சாம்பியனை முடிவு செய்யும் தொடர்) ஆட்டத்துக்கு வாயில் திறக்கக் காத்திருக்கும் கூட்டத்துக்கு ஹாட் டாக் விற்கும் படம். மைதானம் கண்ணில் படவே படாது. ஆனால் யார் வந்தார்கள், என்ன உடுத்தினார்கள், எவ்வளவு நெருக்கி நின்றார்கள் எல்லாம் தெரியும்.

1930களுக்குப் பிறகு புரூக்ளின் பொது நூலகத்துக்குப் போங்கள். 1955ல் மூடிய புரூக்ளின் ஈகிள் பத்திரிகையின் படச் சேகரம் அங்கே இருக்கிறது. மூன்றாவது இடம் பலருக்குத் தோன்றாது: நியூயார்க் நகராட்சி ஆவணக் காப்பகம். 1939 முதல் 1941 வரை சொத்து வரிக்காக நகரத்தின் ஒவ்வொரு கட்டடத்தையும் படம் எடுத்தார்கள். மைதானத்தைச் சுற்றியிருந்த கடைகளும் வீடுகளும் அதில் ஒவ்வொன்றாக வரும். படத்தின் ஓரத்தில் மனை எண் எழுதிய பலகை நிற்கும். பேஸ்பாலுக்குச் சம்பந்தமே இல்லாத இந்த வரிப் படங்கள்தான், ஆட்டப் படங்களின் பின்னணியில் மங்கலாகத் தெரியும் கட்டடம் எது என்று சொல்லிக் கொடுக்கும்.

தனியார் படக் கிடங்குகளில் காசு கட்ட வேண்டும். பார்க்க இலவசம், பயன்படுத்தத்தான் கட்டணம்.

6. தேதி எழுதாத படம். எந்த வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆட்டக்காரர் முகத்தை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். லெஃப்ட் ஃபீல்ட் பக்கம் இரண்டடுக்குக் கேலரி இருக்கிறதா? இருந்தால் படம் 1931-32க்குப் பிந்தியது. அதற்கு முன் அந்தப் பக்கம் திறந்த வெளி. கூரைக்கு மேல் விளக்குக் கோபுரம் தெரிந்தால் 1938 அல்லது அதற்குப் பிறகு. அந்த ஆண்டு ஜூன் 15 அன்று இங்கே முதல் இரவு ஆட்டம். அன்றைக்கே சின்சினாட்டி அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜானி வாண்டர் மீர், எதிரணிக்கு ஒரு ஹிட் கூட (பேட்டர் அடித்துவிட்டு பேஸை எட்டும் அடி) தராமல் அடுத்தடுத்து இரண்டாவது ஆட்டத்தை முடித்தார். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை.

அடுத்து உடை. முதுகில் எண் இருந்தால் 1932 அல்லது பின்னால். மார்பில் சாய்ந்த எழுத்தில் டாட்ஜர்ஸ் என்று இருந்தால் 1938 அல்லது பின்னால். மார்பில் சின்னதாக ஓர் எண் இருந்தால் 1952 அல்லது பின்னால். கலர் படமானால் அந்த எண் சிவப்பாக இருக்கும்.

மூன்றாவது விளம்பரங்கள். ரைட் ஃபீல்ட் ஸ்கோர்போர்டில் புலோவா கடிகாரம் இருக்கிறதா, ஷேஃபர் பீர் பலகை இருக்கிறதா என்பதை வைத்தே இரண்டாம் உலகப் போருக்கு முன்னா பின்னா என்று ஓரளவு பிரிக்கலாம். ஷேஃபர் பலகை போருக்குப் பிந்தியது. எந்தத் தடயத்தையும் தனியாக நம்ப வேண்டாம். இரண்டு மூன்று ஒரே காலத்தைச் சொன்னால் மட்டும் எழுதுங்கள், அதுவும் "1938-41" என்ற மாதிரி இடைவெளி விட்டு.

7. கேமரா எந்தப் பக்கம் பார்க்குதுன்னே புரியலை.

ஹோம் பிளேட் தென்மேற்கு மூலையில் இருந்தது. பேட்டர் ஏறக்குறைய வடகிழக்கைப் பார்த்து நின்றார். கேலரியே இல்லாமல் உயரமான சுவரும் அதன் மேல் கம்பிவலையும் மட்டும் தெரிந்தால், நீங்கள் பெட்ஃபோர்ட் அவென்யூ பக்கம், அதாவது ரைட் ஃபீல்டைப் பார்க்கிறீர்கள். எபெட்ஸ் ஃபீல்டில் தெரு நேரடியாகத் தெரியும் ஒரே பக்கம் அதுதான்.

நேரம் தெரிய நிழலைப் பாருங்கள். மதியம் தாண்டியதும் சூரியன் மேற்கே சாயும், மூன்றாவது பேஸ் பக்கத்துக் கேலரியின் நிழல் ஆடுகளத்துக்குள் இறங்கும். நிழல் பிட்சர் மேட்டைத் தாண்டிவிட்டால் ஆட்டம் பிற்பகலின் கடைசியில் இருக்கிறது. ரைட் ஃபீல்டில் நின்றவருக்கு மாலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். கையால் கண்ணை மறைத்தபடி நிற்கிறாரே, காரணம் அதுதான்.

8. இது எபெட்ஸ் ஃபீல்ட்தானா, இல்லை வேற மைதானமா? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.

கறுப்பு வெள்ளையில் அப்படித்தான் தெரியும். அதிகம் குழப்புவது போலோ கிரவுண்ட்ஸ். அது நீளமாகக் குளியல் தொட்டி மாதிரி இருக்கும், நடுவே சென்டர் ஃபீல்டில் சுவர் 480 அடிக்கும் அப்பால். அங்கே ஒரு கட்டடமும் நிற்கும், வீரர்கள் உடை மாற்றும் இடம். எபெட்ஸ் ஃபீல்டில் 1932க்குப் பிறகு சென்டர் 400 அடிக்குள் அடங்கிவிடும், ரைட் ஃபீல்ட் ஓரம் வெறும் 297 அடி. சுவர் பக்கத்திலேயே இருந்தால் எபெட்ஸ், சுவர் கண்ணுக்கு எட்டாவிட்டால் போலோ.

1913க்கு முந்திய "புரூக்ளின் மைதானம்" படம் என்றால் அது அநேகமாக வாஷிங்டன் பார்க். அந்த இடத்தில் பின்னால் ஃபெடரல் லீக் அணி ஒன்று மறுபடி கட்டிய மைதானத்தின் சுவர், மூன்றாவது அவென்யூவில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பேசப்படும் எபெட்ஸ் ஃபீல்டுக்கு நின்ற இடத்தில் ஒரு செங்கல் சுவர் கூட மிஞ்சவில்லை.

9. ராபின்சன் ஹோம் பிளேட்டுக்குச் சறுக்கி வர்ற படம் இருக்கே, கேட்சர் யோகி பெர்ரா. அது எபெட்ஸ் ஃபீல்ட்ல எடுத்ததுதானே?

1955 செப்டம்பர் 28, உலகத் தொடரின் முதல் ஆட்டம், யாங்கீ ஸ்டேடியம். புரூக்ளின் அணி, புரூக்ளின் வீரர், அதனால் புரூக்ளின் மைதானம் என்று மனம் தானாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. அந்த வருஷம் டாட்ஜர்ஸ் முதன்முறையாக உலகத் தொடரை வென்றது, அக்டோபர் 4. அந்த ஏழாவது ஆட்டமும் யாங்கீ ஸ்டேடியத்தில்தான். வெற்றியில் வீரர்கள் கட்டிப்பிடித்துக் குதிக்கும் படங்கள் அங்கே எடுத்தவை. 1951ல் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன்னால் டாட்ஜர்ஸ் தோற்றது போலோ கிரவுண்ட்ஸில். புரூக்ளினின் மிகப் பெரிய சந்தோஷமும் மிகப் பெரிய வலியும் வெளியூரில்தான் நடந்தன.

எபெட்ஸ் ஃபீல்டிலேயே எடுத்த பெரிய படங்கள் வேண்டுமானால் இரண்டைத் தேடுங்கள். 1941 அக்டோபர் 5, ஆட்டம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் கேட்சர் மிக்கி ஓவன் பந்தை நழுவவிட்டு அதன் பின்னால் ஓடும் படம். அப்புறம் 1947 அக்டோபர் 3, யாங்கீஸின் பிட்சர் பில் பெவன்ஸ் ஒரு ஹிட் கூடத் தராமல் ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் இரண்டு அவுட் வரை வந்துவிட்டார், இன்னும் ஒன்றுதான் பாக்கி. குக்கி லவாஜெட்டோ ரைட் ஃபீல்ட் சுவரில் அடித்த அடியில் இரண்டு ரன் வந்து டாட்ஜர்ஸ் ஜெயித்தது. பெவன்ஸ் தலை குனிந்து போகும் படத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

10. பீ வீ ரீஸ் ராபின்சன் தோள்ல கை போட்ட ஃபோட்டோ ஒரிஜினல் எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. ரசிகர்கள் ராபின்சனை வசைபாடியபோது அணித் தோழர் ரீஸ் போய்த் தோளில் கை போட்டார் என்பது சின்சினாட்டியில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம். அதை நேரில் காட்டும் படம் எதுவும் இதுவரை வெளிவரவில்லை. எந்த ஆண்டு நடந்தது என்பதிலும் சர்ச்சை உண்டு. நீங்கள் பார்த்தது அநேகமாகக் கோனி ஐலண்டில் 2005ல் திறந்த சிலையின் படம், அல்லது திரைப்படக் காட்சி.

இருவரும் சேர்ந்திருக்கும் நிஜப் படம் வேண்டுமென்றால் 1947 ஏப்ரல் 15 அன்று எபெட்ஸ் ஃபீல்ட் டக்அவுட் (வீரர்கள் காத்திருக்கும் இடம்) படியில் எடுத்தது இருக்கிறது. ஜார்கன்சன், ரீஸ், ஸ்டான்கி, ராபின்சன் நால்வரும் வரிசையாக நிற்பார்கள். அதில் நாடகம் எதுவும் இல்லை. சிரித்தபடி நிற்கும் நான்கு ஆட்டக்காரர்கள், அவ்வளவுதான். எனக்கு அந்தப் படம்தான் மேல்.

11. பலகையில அடிச்சா சூட் இலவசம்னு விளம்பரம் இருக்கே. உண்மையிலேயே கொடுத்தாங்களா?

ஸ்கோர்போர்டின் அடியில் இருந்த அந்தப் பலகை ஏப் ஸ்டார்க் என்ற தையற்கடைக்காரருடையது. பந்து தரையில் படாமல் பலகையில் பட்டால் சூட். ஆனால் பலகை தரையை ஒட்டி, மூன்றடி உயரம்தான். அதன் முன்னால் ரைட் ஃபீல்டர் நிற்பார். குறிப்பாகக் கார்ல் ஃபுரில்லோ நின்ற காலத்தில் அந்தப் பலகையை நெருங்குவதே கஷ்டம். ஸ்டார்க்குக்குத் துணி அதிகம் செலவாகவில்லை, பெயர் மட்டும் ஊரெல்லாம் பரவி, பிற்பாடு புரூக்ளின் பகுதியின் தலைவராகவே தேர்வானார்.

மேலே இருந்த கடிகாரத்துக்கும் ஒரு கதை உண்டு. பந்தால் அடிப்பவருக்கு இலவசக் கைக்கடிகாரம் என்று புலோவா அறிவித்திருந்தது. 1946 மே 30 அன்று பாஸ்டனின் பாமா ரோவெல் அடித்த பந்து கடிகாரத்தை நொறுக்கி, கண்ணாடித் துண்டுகள் ஃபீல்டர் மேல் கொட்டின. கைக்கடிகாரம் அவர் கைக்கு வந்தது 1987ல். ஷேஃபர் பலகையும் சும்மா இருக்கவில்லை: பெயரில் உள்ள ஆங்கில ஹெச் எழுத்து எரிந்தால் ஹிட், ஈ எரிந்தால் ஃபீல்டரின் பிழை. படத்தில் அவற்றில் ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்த நொடியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

12. கடைசி ஆட்டம்னு போட்டிருக்கு, ஆனா கேலரி காலியா இருக்கே. தப்பான படமா?

சரியான படம்தான். 1957 செப்டம்பர் 24, பிட்ஸ்பர்க்குக்கு எதிராக, 2-0 வெற்றி. வந்தவர்கள் 6,702 பேர். அணி போகப்போகிறது என்று ஏறக்குறைய எல்லாருக்கும் தெரியும், அறிவிப்பு மட்டும்தான் பாக்கி. ஆர்கன் வாசித்த கிளாடிஸ் குடிங் அன்று முழுக்கப் பிரிவுப் பாடல்களையே வாசித்தார்.

"நான் கடைசி ஆட்டத்துக்குப் போயிருந்தேன்" என்று சொல்லும் எல்லாரையும் கூட்டினால் மைதானம் நாலைந்து தடவை நிரம்பும். காலியான கேலரிப் படத்தை நான் முதலில் காட்டுவதற்கு அதுதான் காரணம். 1955ன் கொண்டாட்டப் படங்களை மட்டும் அடுக்கினால், கோயில் மாதிரி கூட்டம் அலைமோதிய இடத்தை ஒரு பேராசைக்காரர் பிடுங்கிக்கொண்டு போனார் என்ற கதை கிடைக்கும். 3ம் பதிலில் சொன்ன பார்க்கிங்கும் இந்த 6,702ம் அந்தக் கதையில் சேராது.

13. சுவர் ரெண்டாவது பேஸுக்கு ஒட்டியே இருக்கிற மாதிரி தெரியுது. அவ்வளவு சின்னதா?

சின்னதுதான், ஆனால் அவ்வளவு சின்னதல்ல. அன்றைய பத்திரிகைப் படக்காரர்கள் பிக் பெர்த்தா என்று செல்லப்பெயர் வைத்த பெரிய கிராஃப்லெக்ஸ் கேமராவில் மிக நீளமான லென்ஸ் பூட்டி, கேலரியிலிருந்து எடுத்தார்கள். நீள லென்ஸ் தூரத்தைச் சுருக்கிவிடும். பிட்சரும் பேட்டரும் கை எட்டும் தூரத்தில் நிற்பதாகத் தோன்றும், உண்மையில் இடைவெளி 60 அடி 6 அங்குலம்.

படத்திலிருந்து அளவு எடுக்க விரும்பினால் தெரிந்த நீளங்களை வைத்துத் தொடங்குங்கள். பேஸுக்குப் பேஸ் 90 அடி. ரைட் ஃபீல்ட் தடுப்பு மொத்தம் 38 அடி: கீழே 19 அடி கான்கிரீட், மேலே 19 அடி கம்பிவலை. கான்கிரீட்டின் கீழ்ப்பாதி சாய்வாகவும் மேற்பாதி நேராகவும் இருந்தது, ஸ்கோர்போர்டு வேறு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். பந்து எங்கே பட்டு எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது, ஃபுரில்லோவைத் தவிர.

14. நான் வாங்கின பிரிண்ட்ல ஸ்கோர்போர்டு இடப்பக்கம் இருக்கு. நீங்க வலப்பக்கம்னு சொன்னீங்களே?

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். விளம்பர எழுத்தைப் படியுங்கள், கண்ணாடியில் பார்ப்பது போல் இருக்கும். எழுத்து தெரியாவிட்டால் ஓடுகிறவரைப் பாருங்கள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தில் அடித்தவர் வலப்பக்கம்தான் ஓட வேண்டும்.

15. பிரிண்டோட பின்பக்கம் நிறைய முத்திரை, ஒட்டின காகிதம் எல்லாம் இருக்கு. சுத்தம் பண்ணட்டுமா?

தயவுசெய்து தொடாதீர்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில்தான் விஷயம் அதிகம். ஒட்டிய காகிதம் செய்தி நிறுவனம் அனுப்பிய குறிப்பு. தேதி முத்திரை அநேகமாகப் பத்திரிகை அதைப் பயன்படுத்திய அல்லது கோப்பில் வைத்த நாள், எடுத்த நாளாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 1957 முத்திரை போட்ட 1947 படம் சாதாரணம்: அணி போகிறது என்றதும் பழைய படத்தை எடுத்துப் போட்டிருப்பார்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து, இரண்டு கோப்பையும் ஒரே பெயரில் வையுங்கள்.

16. ஏஐ-ல கலர் போட்டு, தெளிவாக்கி வச்சா நல்லா இருக்குமே?

பார்க்க நன்றாக இருக்கும், சாட்சியாக உதவாது. மென்பொருளுக்கு அந்தச் சுவரின் நிறம் தெரியாது, ஊகிக்கும். தெளிவாக்கும்போது இன்னும் மோசம், மங்கிய விளம்பரப் பலகையில் இல்லாத எழுத்துகளையும் கேலரியில் இல்லாத முகங்களையும் வரைந்து வைக்கும். 6ம் பதிலில் சொன்ன தடயங்கள் எல்லாம் அந்த ஓரங்களில்தான் இருக்கின்றன, முதலில் அழிவதும் அவைதான். விருப்பமானால் செய்யுங்கள், கலர் பின்னால் போட்டது என்று படத்திலேயே எழுதி, மூலத்தைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜக் கலர் படங்களும் உண்டு. 1950களில் ரசிகர்களே எடுத்த கோடாக்ரோம் ஸ்லைடுகளில் நிறம் இன்றும் நிற்கிறது. வேறு சில ஃபிலிம்கள் காலத்தில் சிவந்துபோகும், எனவே சிவப்பேறிய ஸ்லைடைப் பார்த்து மாலை வெயில் என்று எழுதிவிடாதீர்கள்.

17. இந்தப் படங்களை நான் எழுதற கட்டுரையில போடலாமா?

அமெரிக்கச் சட்டப்படி வெளியாகி 95 ஆண்டு முடிந்த படங்கள் பொதுச் சொத்து. அதற்குப் பின், 1963 வரை வெளியானவற்றுக்கு 28ம் ஆண்டில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காதவை பொதுச் சொத்து ஆகிவிட்டன, ஆனால் புதுப்பித்தார்களா என்று பதிவேட்டில் பார்க்கும் வேலை உங்களுடையது. ஒருவர் ஸ்லைடாகவே வீட்டில் வைத்திருந்த, வெளியாகாத படத்துக்குக் கணக்கே வேறு: எடுத்தவர் இறந்து 70 ஆண்டு. பெயின் தொகுப்புப் படங்களுக்குத் தெரிந்த தடை எதுவும் இல்லை என்று நூலகமே சொல்கிறது, அங்கிருந்து தொடங்குவது நிம்மதி. பிரிண்டைக் காசு கொடுத்து வாங்கினால் காகிதம்தான் உங்களுடையது, உரிமை அல்ல.

18. சிட்டி ஃபீல்டுக்குப் போனா எபெட்ஸ் ஃபீல்டைப் பார்த்த மாதிரிதானே?

வெளிமுகம் மட்டும். குவீன்ஸில் 2009ல் திறந்த பேஸ்பால் மைதானமான சிட்டி ஃபீல்ட், எபெட்ஸ் ஃபீல்டின் வளைவு ஜன்னல்களையும் நுழைவு மண்டபத்தையும் பார்த்துக் கட்டியது. மண்டபத்துக்கு ஜாக்கி ராபின்சன் பெயர். பழைய மண்டபம் 80 அடி வட்டம், பளிங்குத் தரையில் பேஸ்பால் தையல் வடிவம், மேலே பேட் வடிவில் 12 கைகள் கொண்ட சரவிளக்கு, ஒவ்வொன்றின் முனையிலும் பந்து போன்ற விளக்கு. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் டிக்கெட் கவுண்டர்களும் நுழைவும் அந்த ஒரே வட்டத்துக்குள் இருந்ததால் திறப்பு நாளிலேயே நெரிசல். புதிய மண்டபம் அகலமானது, யாரும் முட்டிக்கொள்வதில்லை. அந்த அளவுக்கு அது எபெட்ஸ் ஃபீல்ட் இல்லை.

19. எபெட்ஸ் ஃபீல்ட் செங்கல்னு ஒருத்தர் விக்கிறார். படத்தை வச்சுச் சரிபார்க்க முடியுமா?

செங்கல்லை முடியாது. எந்தச் செங்கல்லும் அப்படித்தான் இருக்கும். யாரிடமிருந்து யார் கைக்கு வந்தது என்ற எழுத்துப்பூர்வ வரிசை இல்லாவிட்டால் காசைப் பத்திரமாக வையுங்கள். மைதானத்தின் அடிக்கல் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குப் போனது, சில விளக்குகள் ராண்டல்ஸ் ஐலண்டில் இருந்த டவுனிங் ஸ்டேடியத்துக்குப் போயின. பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்காக அங்கே ஆடினார். அந்த ஸ்டேடியத்தையும் 2002ல் இடித்துவிட்டார்கள்.

நாற்காலி, பலகை போன்றவற்றைக் கொஞ்சம் சரிபார்க்கலாம். கைப்பிடி வார்ப்பு, கால் வடிவம் இவற்றை அந்தந்தப் பகுதியின் நெருக்கப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

20. பக்கத்து வீட்டுத் தாத்தா சின்ன வயசுல அங்கே போனவராம். அவர் சொல்றது படத்தோட ஒத்துப்போகலை. யாரை நம்பறது?

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆண்டு, ஸ்கோர், யார் அடித்தார் என்பதற்குப் படமும் மறுநாள் பத்திரிகையும். கடைசி ஆட்டக் கதை 12ம் பதிலில் இருக்கிறது, அதைச் சொல்லி அவரை மடக்க வேண்டாம். படத்தில் வராதவற்றுக்கு அவர்தான் ஒரே ஆள். திறந்த கேலரியில் ஹில்டா செஸ்டர் என்ற பெண்மணி மாட்டுமணியை ஆட்டிக்கொண்டே இருப்பார், ரசிகர்களே சேர்ந்த ஒரு வாத்தியக் குழு சுற்றி வரும். படத்தில் மணி தெரியும், சத்தம் கேட்காது.

பேச்சைப் பதிவு செய்யும்போது தேதி கேட்டுத் தொடங்காதீர்கள், தடுமாறுவார். எந்த வாயில் வழியாகப் போனார், தூண் மறைத்ததா, வெயில் எந்தப் பக்கம் அடித்தது, எந்த டிராலியில் அல்லது ரயிலில் வீடு திரும்பினார் என்று கேளுங்கள். வெயில் முகத்தில் அடித்தது, எதிரே தூரத்தில் ஹோம் பிளேட் என்றால் அவர் உட்கார்ந்தது சென்டர் ஃபீல்ட் கேலரி, 1932க்குப் பிறகு. மீதியை 6, 7ம் பதில்களை வைத்து நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அவர் வீட்டு ஆல்பத்தில் ஏதாவது ஸ்லைடு இருக்கிறதா என்றும் மறக்காமல் கேட்டுவையுங்கள்.